அடியை அறுத்த காளான்

போன வாரம் என் தம்பி சரவணன் வத்தல்மலையிலிருந்து நேராக என் வீட்டில் வந்து இறங்கினான். கூடவே மனைவி ரேவதி. கல்யாணமான புதுசு... மாப்பிள்ளைக் களை இன்னும் மாறவில்லை.

கையில் டிபன் பாக்ஸ். உள்ளே, மழைக்கு மரத்தடியில் முளைத்த குட்டிக் காளான்கள். ஒவ்வொன்றும் ரூபாய்க் காசு அகலம். தானே பறித்து, தானே சமைத்துப் போடுவதாகப் பெண்டாட்டிக்கு மலையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டானாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவும் போட்டாயிற்று. வந்ததும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டான் — வெந்நீர்கூட வைத்துப் பழகாதவன்!

எனக்குக் காட்டுக் காளான் என்றால் கொஞ்சம் பைத்தியம். விடுவேனா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளைக் குடை, நடுவில் சின்னக் கூம்பு. குடைக்கு உள்பக்கம் நெருக்கமான மடிப்புகள். தண்டில் வளையம் இல்லை. பார்வைக்கு, நாம் சமைத்துச் சாப்பிடுகிற புற்றுக் காளான் மாதிரிதான் இருந்தது. சந்தோஷமாகத் தண்டின் அடியைத் திருப்பினேன்... அடியே இல்லை.

"ஒரே மண்ணுக்கா. அதான் அங்கியே அறுத்துப் போட்டுட்டு, சுத்தமா கொண்டாந்தேன்" என்றான்.

கீரை ஆய்வது போல ஆய்ந்திருக்கிறான். சில விஷக் காளான்களுக்குத் தண்டின் அடியில், மண்ணுக்குள், கிண்ணம் மாதிரி ஓர் உறை இருக்கும். இதற்கு இருந்ததா, இல்லையா? சாட்சி வத்தல்மலையில் கிடக்கிறது. சந்தேகம் உள்ள காளான் என் அடுப்பில் ஏறாது என்று சொல்லிவிட்டேன். தம்பியின் முகம் தொங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

சமாதானத்துக்கு ஒரு வேலை செய்தோம். ஒரு குடையை மட்டும் கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்து, கிண்ணத்தால் மூடினோம். காலையில் ரேவதிதான் திறந்தாள். மடிப்புக்கு மடிப்பு, இளஞ்சிவப்புப் பொடியில் ஒரு சக்கரம்! காளான் தானாக உதிர்த்த வித்துத் தூள். நிறம் புற்றுக் காளானுக்குப் பொருந்தியது. ஆனாலும் அடியைப் பார்க்காமல் நான் மசியவில்லை.

ரேவதிக்கு அந்தக் கவலையே இல்லை. மூச்சு பட்டால் கலைந்துவிடுமோ என்று காகிதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"அண்ணி, இத ஃப்ரேம் போட்டு எங்க வூட்ல மாட்டப் போறேங்க."

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான்.

நாம் எதையும் சுத்தம் செய்துதான் அடுத்தவர் கையில் கொடுக்கிறோம். சிலதை மண்ணோடு பார்த்தால்தான் இன்னதென்று தெரிகிறது... இல்லையா?

வாக்குக்காகத் தம்பி அன்று முட்டைப் பொரியல் செய்தான். ரேவதி முதல் வாயை அவனுக்கே ஊட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாசம் என்றுதான் அவன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.