அத்தை வெட்டிய கால்வாய்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கால்வாய்க்குச் சிமெண்ட் பூசி, ஓடையிலிருந்து அது பிரியும் இடத்தில் ஒரு கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் கால்வாய் வெட்டியவர்கள் என்று ஆறு ஆண்களின் பெயர்கள். அப்பாவின் பெயர் இரண்டாவது. அத்தையின் பெயர் இல்லை. திரும்பவும் மேலிருந்து படித்தேன்.

ஜவ்வாது மலையின் அந்தச் சரிவில் முதலில் குடியேறியவை ஆறு குடும்பங்கள். புதர் வெட்டி, கல் பொறுக்கி, சாமை விதைத்தார்கள். எல்லாம் மழையை நம்பிய கொல்லைகள். கோடையில் வீட்டைச் சாத்திவிட்டு எல்லோரும் படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்ட இறங்கிவிடுவோம். என் படிப்பும் அத்தோடு நிற்கும். ஓடை ஒன்று இருந்தது, ஆனால் மேட்டுக்கு அந்தப் பக்கம்.

அதைத் திருப்பலாம் என்று முதலில் சொன்னவள் அப்பாவின் அக்கா. புருஷன் செத்தபின் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். எங்கள் நிலத்தை ஒட்டி ஒரு துண்டைத் தன் கையாலேயே திருத்திப் பயிர் வைத்திருந்தாள். மழை பெய்யும்போதே மேட்டைச் சுற்றி நடந்து, நீர் ஓடும் போக்கைப் பார்த்து வழியெல்லாம் குச்சி நட்டாள்.

"தண்ணி மேட்ல ஏறுமாக்கா?" என்று பக்கத்து நிலத்துக்காரர் சிரித்தார்.

"ஏறாது. சுத்திக்கினு வரும்" என்றாள் அத்தை.

அந்தக் குச்சிகளின் வழியில்தான் இரண்டு கோடை மண் வெட்டினார்கள். குறுக்கே கிடந்த பாறைமேல் விறகு அடுக்கி எரித்து, சூட்டோடு தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்தவளும் அவள்தான்.

தண்ணீர் சுற்றிக்கொண்டு வந்தது. கொல்லைகள் கழனிகளாயின. பண்டிகைக்கு மட்டும் கண்ட நெல்லுச்சோறு அன்றாடம் ஆனது. கரும்பு வெட்டப் போவது நின்றது. முதல்முறையாக ஒரு வகுப்பை நான் முழுதாகப் படித்தேன்.

பிறகு ஆண்கள் கூடித் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். பட்டா வைத்திருப்பவருக்குத்தான் முறை. அத்தைக்குப் பட்டா இல்லை. அவள் கொண்டுவந்த தண்ணீர் கண்ணெதிரே ஓட, அவள் கேழ்வரகு கருகியது.

எனக்குப் பத்து வயது. பக்கத்து நிலத்துக்காரரின் முறை நாளில், மத்தியானம், அத்தையின் கொல்லைக்கு நேராகக் கால்வாய்க் கரையை மண்வெட்டியால் உடைத்துவிட்டேன். தண்ணீர் அவள் பயிருக்குள் பாய்ந்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கத்திக்கொண்டு வந்தார்.

"யாரு கரைய ஒடச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள், சத்தம் கேட்டு ஓடிவந்து, "நான்தாங்க" என்றாள் அத்தை. என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, தானே கரையை அடைத்தாள்.

சாயங்காலம் புளியமரத்தடியில் கூட்டம். ஆறு ஆண்களுக்கு முன்னால் அவள் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டாள். அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது அவளிடம் கேட்டேன்.

"கால்வாயே நீ வெட்னதுதானே அத்த? அத ஏன் நீ கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? ஒங்கப்பனும் அங்கதான குந்தினு இருந்தான். வா, வூட்டுக்குப் போலாம்."

பயந்தவள் என்று நினைத்து, பல நாள் அவளோடு பேசவில்லை. பக்கத்து நிலத்துக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கல்லூரியில் சேர வருமானச் சான்று வாங்கும்போதுதான் அப்பாவின் பட்டாவைப் பார்த்தேன். அத்தையின் துண்டும் அதற்குள்ளேயே இருந்தது. முறையோ நிலத்தின் அளவுக்குத் தக்கபடி. அப்படியென்றால் அவள் பங்குத் தண்ணீரை ஊர் மறுக்கவில்லை. அது அப்பாவின் கணக்கில் வந்து, முழுதாக எங்கள் நெல்லுக்குப் பாய்ந்திருக்கிறது. அத்தைக்கு அது அன்றே தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை; ஊரான் முறை நாளில் கால்வாயை உடைத்தேன். எங்கள் கழனி வரப்பில் ஒரு வெட்டுப் போட்டிருந்தால் போதும்.