ஒரு மண்டல நீச்சல்

மூன்று பிள்ளை பெற்ற பிறகு எனக்கு நீச்சல் மறந்துவிட்டது என்று ஊரே நம்பியது. ஊர் என்றால் என் மாமியார். காட்டேரிக்குப்பத்தில் மாடு பூட்டி இறைக்கும் எங்கள் கவலைக் கிணற்றில் எட்டு வயதிலேயே குதித்து, அடியில் போய் மண் எடுத்து வந்தவள் நான். கலியாணமாகிப் பாகூருக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் தண்ணீர் என்றால் குடம், குடம் என்றால் இடுப்பு. அவ்வளவுதான்.

அந்த ஐப்பசி மழையில் ஏரி கரை தொட்டு நின்றது. துணி துவைக்கப் போன இடத்தில் ஆசை தாங்காமல் இறங்கினேன். இருபது கை போடுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. என் ஓரகத்திதான் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள். படித்துறைப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் அவர்கள்மேல் இல்லை, என் கைகள்மேல். மதகிலிருந்து படித்துறை ஒரு கூப்பிடு தூரம். கால் ஊன்றாமல் அதை நீந்தாவிட்டால் நான் என் அப்பனுக்குப் பிறந்தவள் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

தினமும் விடியலில் போவதாக முடிவு. மூன்று நாள் போனேன். நாலாம் நாள் மழை, ஐந்தாம் நாள் நடவு, ஆறாம் நாள் வெறும் சோம்பல். எனக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது. சாமிமேல் பயம் மட்டும் இருந்தது. ஏரிக்கரை அய்யனாரிடம் நேர்ந்துகொண்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், நீந்திவிட்டு வந்து உனக்கு விளக்கேற்றுகிறேன் என்று.

மாமியார் பிடித்துக்கொண்டார். "இன்னாடி இது, மூணு புள்ள பெத்தவ தவளையாட்டம் பாயுற? ஊர ஆளுற மேர் வண்டி கரைமேல போற எடம். பாத்தா இன்னா நெனப்பாரு?"

"மேர் எழுந்திருக்கறதுக்குள்ள நான் பொடவ மாத்திக்கினு வூட்டுக்கு வந்துடுவேன் அத்தை. இது வேண்டுதல்."

வேண்டுதல் என்றதும் அவர் வழிவிட்டு விலகிக்கொண்டார். சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்க அவருக்கும் பயம்.

ஒன்பதாம் நாள் நீந்தி வந்ததும் வீட்டுக்கு விலக்கானேன். மூன்று நாள் பின்கொட்டகையில் இருந்து, நாலாம் நாள் தலைமுழுகி வந்தேன். மாமியார் சாவகாசமாகச் சொன்னார்: "நடுவுல வுட்டுப்போச்சி இல்ல? ஒண்ணுலருந்து ஆரம்பி." ஆரம்பித்தேன். இந்த முறை இருபத்தைந்து நாள் ஓடியது. பாதி தூரம் தாண்டக் கை பழகியிருந்தது. மறுபடியும் பின்கொட்டகை. "ஒண்ணுலருந்து" என்று வாசலிலிருந்தே குரல் வந்தது.

இப்படி எண்ணினால் எந்தப் பெண்ணால் நாற்பத்தெட்டை எட்ட முடியும்? ஓரகத்தி சோறு கொண்டுவந்து எட்ட வைத்தபோது அவளிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போடி பைத்தியம். கூழு ஊத்த வெரதம் இருக்கறமே, அந்த நாளத் தள்ளிட்டுத்தானே எண்றோம்? வுட்ட எடத்துலருந்து எண்ணுடி."

"ஏன்க்கா முன்னயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

தலைமுழுகிய கையோடு மாமியாரிடம் போனேன். "தள்ளி எண்ணலாம்னு உங்களுக்குத் தெரியாதா அத்தை?"

அவர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியாம இன்னா? நீயே அலுத்துப்போயி வுட்டுடுவன்னு பாத்தேன்."

சண்டை போடத்தான் போயிருந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. முதலில் போன ஒன்பதை அய்யனாருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, மறுநாள் இருபத்தாறு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே, அவர் காதில் விழும்படி வாசல் தாண்டினேன்.

நாற்பத்தோராம் நாள் மதகில் இறங்கியவள் படித்துறைக் கல்லைக் கையால் தொட்டேன். நடுவில் எங்கும் கால் ஊன்றவில்லை. துவைத்துக்கொண்டிருந்த ஓரகத்தி ஈரத்துணியோடு எழுந்து நின்றுவிட்டாள். அன்று சிரித்த பெண்கள் யாரும் அங்கே இல்லையே என்று எனக்கு வருத்தம்தான். அதனால் நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தம்பட்டம் என்றார்கள். ஆமாம், தம்பட்டம்தான். என் தோள் சம்பாதித்தது, நான் அடிக்காமல் யார் அடிப்பது?

நாற்பத்தெட்டாம் நாள் அய்யனாருக்குப் பொங்கல் வைத்தோம். பானையை மாமியார்தான் தூக்கி வந்தார்.

மறுநாள் விடியலில் விழிப்பு வந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். என் எலும்பையே துளைத்தது. வேண்டுதல் முடிந்துவிட்டது. போகாவிட்டால் கண்ணைக் குத்த எந்தச் சாமியும் இல்லை. பிள்ளைகளின் சூட்டில் இன்னும் கொஞ்சம் படுத்திருக்கலாம். சிறிது நேரம் படுத்தும் இருந்தேன். பிறகு எழுந்து மாற்றுப்புடவையை எடுத்தேன்.

கூடத்தில் படுத்திருந்த மாமியார் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "இன்னிக்கி யாருக்குடி?"

"எனக்குத்தான் அத்தை."

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், தெருக்கதவின் தாழ்ப்பாளை அவரே எடுத்துவிட்டார்.