பத்தடி பேனரில் அய்யாசாமியின் முகம்

மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாயிஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பக்கத்தில் செருப்புக்கடை போட்டிருக்கும் எனக்கு அவள் சத்தம் கேட்காத நாள் கிடையாது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வருகிறவன் எவனும் ஒழுங்கான போட்டோ கொண்டுவர மாட்டான். சுவரில் மாட்டிய படத்தைச் செல்போனில் பிடித்து, வாட்ஸ்அப்பில் நாலு பேர் கைமாற்றி அனுப்பிவிட்டு, "பத்தடிக்கு அடிச்சிக் குடும்மா" என்பான்.

"போட்டோன்னா சின்னச் சின்னப் புள்ளிங்க. அதுக்குப் பேரு பிக்சல். வாட்ஸ்அப்புல அனுப்புனா பாதிப் புள்ளிய அதுவே தூக்கிப் போட்டுடும். இருக்கிறத இழுத்தா கட்டம் கட்டமாத்தான் உடையும். இல்லாத புள்ளிய நான் எங்கேருந்து கொண்டாருவேன்?" என்று கத்துவாள்.

ஸ்கிரீனில் பளிச்சென்று இருந்த சிவப்பு பேனரில் மங்கிவிட்டது என்று சண்டைக்கு வருபவனுக்குத் தனிப்பாட்டு. ஸ்கிரீன் வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, மெஷின் நாலு மையைத் தெளித்துக் காட்டுகிறது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்பாள்.

2017இல் கான்ட்ராக்ட் தொழிலாளி அய்யாசாமி, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவர், நெஞ்சுவலியில் போய்விட்டார். கருமாதி முடிந்தபின் அவருடைய சங்கம் இரங்கல் கூட்டம் வைத்தது. பேனர் சொல்ல, செயலாளர் தனகோட்டி வந்தார். கூடவே அய்யாசாமியின் மனைவி தனமும் வந்தாள். அவள் போனில் இருந்த ஒரே படம் வாட்ஸ்அப்பில் போய்த் திரும்பி வந்த பொடிப்படம்.

"தங்கச்சிக்கு அனுப்பிட்டு ஒரிஜினல அழிச்சிட்டேன்க்கா. போன் நெறைஞ்சிகினே இருந்திச்சி. அதான் அனுப்பியாச்சேன்னு நெனச்சேன்" என்றாள் தனம்.

"இத இழுத்தா உடையும்" என்று பாயிஜா வழக்கம்போல் சொல்லித் தொலைத்தாள்.

தனகோட்டி அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அய்யாசாமிய மூலையில ஸ்டாம்ப் சைஸ்ல போட்டுடு. நடுவுல தலைவருங்க, பக்கத்துல நானு. எங்க போட்டோ ஸ்டூடியோவுல எடுத்தது, நல்லா நிக்கும்."

அவர் போன பிறகு பாயிஜா அப்படியே வடிவமைத்து, தனத்துக்கு ஸ்கிரீனில் காட்டினாள். தனம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினாள்.

"அவரு எங்கக்கா?"

பாயிஜா விரலை வைத்துக் காட்டினாள். தனம் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பாயிஜாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "பொண்டாட்டியே தேட வேண்டிருக்குது, இதுக்குப் பேரு அஞ்சலியா? என் வார்த்தையையே எடுத்து அந்த மனுஷன மூலைக்குத் தள்ளிட்டான் பாருங்க" என்றாள். மௌஸை மேசையில் அடித்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பெரிய போட்டோவச் சின்னதாக்குனா ஒண்ணும் கெடாது. தலைவருங்க ஸ்டாம்ப் சைஸ்ல ஜோரா இருப்பாங்க. கையில வெச்சிப் பாக்குற பத்திரிகைக்குத்தான் இஞ்சுக்கு முந்நூறு புள்ளி வேணும். ரோட்டுக்கு அந்தாண்டேருந்து பாக்குறவன் கண்ணுக்குக் கட்டமெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து முகமாயிடும். இத நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

கூட்டத்தன்று எங்கள் கடைப் பக்கம் பேனரைக் கட்டி விரித்தபோது தனகோட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. ஓடிப்போய் கிட்டே நின்று பார்த்தார். நடுவில் வெறும் கட்டங்கள். அடியில் வரிசையாகத் தலைவர்கள், கடைசியில் அவர்.

"இன்னா பண்ணி வெச்சிருக்க? இதுல மூஞ்சி எங்க இருக்குது? கழட்டுங்கடா இத" என்று பேனருக்கு முன்னால் நின்றுகொண்டு பாயிஜாவைப் பார்த்துக் கத்தினார்.

"கழட்டிப் பாரு" என்றாள் பாயிஜா, எப்போதும் சொல்லும் அண்ணே என்ற வார்த்தையை விட்டுவிட்டு.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தத்தில் பெண்களோடு நின்றிருந்தாள் தனம். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவரு மூஞ்சி மறையுது."

தனகோட்டி தள்ளி நின்றார்.