எத்தனையாவது பிள்ளை

மானகிரியில் சத்தியப்பிரியாவின் கைப்பிள்ளைக்குப் பதினோரு மாதம் கடந்தும் பேர் வைக்கவில்லை. தடுப்பூசி அட்டையில் 'சத்தியப்பிரியாவின் ஆண் குழந்தை' என்றுதான் இருந்தது. ஊசி போடும் நர்ஸ் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"ஏக்கா, இவன் காலேஜுக்குப் போறப்பவும் இதே பேருதானா?"

சத்தியப்பிரியா சிரிப்பாள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் அவள் பிழைப்பே பேர்களோடுதான். காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் கல்யாண, காதுகுத்துப் பத்திரிகைகளைக் கணினியில் அடித்துக் கொடுக்கிறாள். எந்தப் பேரனுக்கு எந்தத் தாத்தா பேர் என்று வந்தவர் சொல்லி முடிக்குமுன் ஊகித்துவிடுவாள்.

அவள் வாழ வந்தது தச்சு வேலைக்காரர் வீடு. தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பேர். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. மூத்தவனுக்கு மாமனார் பேரான சேவுகப்பெருமாளை வைத்தார்கள். மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாதே, அதனால் அவள் மகனைப் 'பெரியவரு' என்றே கூப்பிட்டாள்.

"பெரியவரு சாப்பிடலையா? பெரியவருக்குக் கோவமா?"

வீடே சிரிக்கும். பதினான்கு மாதம் இருந்தான். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். ஒரு தடவைகூட அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு வாசலில் யாராவது "சேவுகப்பெருமாளண்ணே, இருக்கீகளா?" என்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். அழுகை வராது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

இவன் பிறந்தான். "இனி இவன்தான வீட்டுக்குத் தலைப்பிள்ளை. எம் பேரு இவனுக்கு" என்றார் மாமனார்.

"அப்பா கேக்குறதுல என்ன தப்பு?" என்றான் புருஷன் அருண்பாண்டியன்.

தப்பில்லை. ஆனால் அந்தப் பேரை இவனுக்கு வைத்தால் பெரியவரு என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். தன் அப்பா மீனாட்சிசுந்தரத்தின் பேரை வைத்தால், இவனுக்கு முன்னால் ஒருவன் இருந்தான் என்பது நிற்கும். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பாப்பம்" என்றாள். பாப்பம், பாப்பம் என்றே மாதங்கள் ஓடின.

பேர் பதிய ஒரு வருஷக் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அருண்பாண்டியன் திருச்சியில் அலமாரி வேலைக்குப் போயிருந்தான்.

"கெளம்பு தாயி. நாள் தாண்டுனா அலைய விடுவாக. இன்னைக்கு எழுதிப்புடுவோம்."

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் தாய் தகப்பன் பேரைத் தட்டிப் பார்த்தார்.

"பேருதான் ஏற்கெனவே ஏறியிருக்கேம்மா. மறுபடி எதுக்கு வந்தீக?"

"அது மூத்தவன் சார்."

"அப்படியா? அவன் பேரு என்ன, சொல்லுங்க. சரி பாத்துக்கிறேன்."

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவருடைய சொந்தப் பேர்தான், சொல்லிவிடலாம். அவர் வாயைத் திறந்தார், துண்டால் துடைத்துக்கொண்டார், தரையைப் பார்த்தார். பிள்ளை தடுப்பூசி அட்டையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"யம்மா, பின்னாடி ஆளு நிக்கிது."

"சேவுகப்பெருமாள்" என்றாள்.

சொன்ன பிறகும் ஒன்றும் ஆகவில்லை. எழுத்தர் திரையில் வேறொரு வரியைத் தேடிப் பிடித்தார்.

"சரி. அப்ப இவன் ரெண்டாவது."

"ரெண்டாவது" என்றாள் அவள்.

"இவன் பேரு?"

அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மாமனார்தான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"ரெண்டாவதுக்கு அவுக அப்பா பேருதான் சார். மீனாட்சிசுந்தரம்னு போடுங்க."

திரும்பும் பஸ்ஸில் பிள்ளை அவள் மடியில் தூங்கிவிட்டான். ஊர் நெருங்கும்போது மாமனார் கேட்டார்.

"அவன் பேர நீ இன்னைக்குத்தான தாயி மொதத் தடவையா சொன்ன?"

"ஆமா மாமா" என்றாள். அட்டையின் நனைந்த ஓரத்தைச் சேலையில் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.