அடுத்த வாய்தா

விழுப்புரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம் அந்த வழக்கு எண் என் திரையில் வந்தது. மாநிலத்தின் எல்லா நீதிமன்றங்களின் வழக்குகளையும் ஒரே இடத்தில் பார்க்கும்படி கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த காலம். பழைய கட்டுகளைப் பிரித்து ஸ்கேன் செய்வதும், பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் எங்களைப் போன்ற ஒப்பந்த ஊழியர்களின் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ எண்கள் கண்ணில் பட்டு மறையும். இந்த ஒன்று மறையவில்லை. பள்ளியில் படிக்கும்போதே, அப்பா போனில் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்ட எண் அது.

அப்பா திண்டிவனத்தில் வக்கீல் குமாஸ்தா. அவருடைய பழைய வக்கீல் இறந்த பிறகு, சில கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து வாய்தா தேதி கேட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவர் மயிலம் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா. அவரும் அவர் கணவரும் கூலி வேலை செய்து வாங்கிய நாற்பது சென்ட் நிலத்தை, பக்கத்து நிலத்துக்காரர் தன்னுடையது என்று கம்பி வேலி போட்டு வளைத்துக்கொண்டார். அதுதான் வழக்கு. கணவர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டதால் அந்த அம்மா மட்டும் மாதாமாதம் பஸ் ஏறி வருவார். அறுவடை சமயமென்றால், மல்லாட்டை என்று அவர் சொல்லும் வேர்க்கடலையைத் துணியில் முடிந்து கொண்டுவருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அப்பா தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். அதைக் கொண்டுபோய்க் கணவரிடம் காட்டுவார்.

திரையில் அந்த எண்ணுக்கு எதிரே, வாதி ஆஜராகாததால் தள்ளுபடி என்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. பெயரையும் ஊரையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். போன மாதம்கூட அப்பா அவருக்குச் சீட்டு எழுதித் தந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அப்பா குழாயடியில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். குடம் நிரம்பி வழிந்தது, அவர் குழாயை மூடவில்லை. பழைய வக்கீல் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அங்கும் இங்கும் அலைந்ததில் ஒரு தேதியைக் குறிக்காமல் விட்டுவிட்டாராம். வழக்கு தள்ளுபடியானது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது. அப்போதே மனு போட்டு வழக்கைத் திரும்ப எடுக்கக் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கு, தான் புதிதாகச் சேர்ந்திருந்த வக்கீலிடம் தன் தப்பைச் சொல்ல வேண்டும்.

“வேலை போயிடும்னு பயந்துக்கினு ஒரு வாய்தா சொல்லிட்டேம்மா. அப்புறம் அத எங்க நிறுத்தறதுன்னு தெரியல” என்றார்.

நான் கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். இனிமேல் யார் வேண்டுமானாலும் போனிலேயே பார்த்துவிடலாம், நாம் சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும் என்றேன்.

“தெரிஞ்சிடும்னுதான் சொல்லச் சொல்றியா?”

நான் போய்க் குழாயை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். அந்த அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து மெதுவாக, “அப்போ நான் வந்துக்கினு போய்க்கினு இருந்ததெல்லாம்?” என்று கேட்டார்.

உள்ளேயிருந்து கணவரின் குழறும் குரல் வந்தது. குமாஸ்தா ஐயாவா வந்திருக்கிறார், தேதி என்ன என்று கேட்டது.

“அடுத்த மாசம் வச்சிருக்காங்களாம்” என்று அந்த அம்மா உள்பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி அப்பாவிடம், “சீட்டு எழுதிக் குடுங்க. அவுரு இருக்கிற வரிக்கும் எழுதிக் குடுங்க” என்றார்.

அப்பா சீட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். தேதியை நான்தான் எழுதினேன்.

மறுநாளே அப்பா தன் வக்கீலிடம் போய் உண்மையைச் சொன்னார். தாமதத்தை மன்னித்து வழக்கைத் திரும்ப எடுக்கும்படி மனு போட்டார்கள். தவறு முழுவதும் தன்னுடையது, வாதிக்கு எதுவும் தெரியாது என்று அப்பா பிரமாணப் பத்திரம் கொடுத்தார். ஆறு வருடத் தாமதத்துக்கு அது போதுமான காரணமாகவில்லை. மனு தள்ளுபடியானது. அதன் பிறகு அப்பா கோர்ட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை, தேதி எழுதிய சீட்டோடு மயிலம் பஸ்ஸில் ஏறுவார். மறு வருடம் ஆடியில் அந்த அம்மாவின் கணவர் இறந்தார். சாவுக்குப் போய்த் திரும்பிய அப்பா, “இனிமே வர வேணாம்னுட்டாங்க” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அப்பாவும் அதிக நாள் இருக்கவில்லை.

சென்ற மாதம் திண்டிவனத்துக் கட்டுகள் மறுபடி எங்களிடம் வந்தன. அதில் அந்த மனுவும் அப்பாவின் பிரமாணப் பத்திரமும் இருந்தன. நாற்பது வருடம் மற்றவர்களுடைய தாள்களைச் சுமந்து அலைந்தவர் அப்பா. இந்த மாநிலத்தின் எந்த ஊரிலிருந்து தேடினாலும் அவர் பெயரில் கிடைக்கப்போவது அந்த ஒரு பத்திரம்தான். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு நானே எடுத்து ஸ்கேனரில் வைத்தேன். முதல் முறை பக்கம் சற்றுச் சாய்ந்து விழுந்து, அப்பாவின் கையெழுத்தில் கடைசி எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. தாளை நேராக வைத்து மறுபடியும் ஸ்கேன் செய்தேன்.