தன் சீனைத் தானே வெட்டிய டைரக்டர்

இன்று காலை கம்பெனி பஸ் சானமாவு காட்டுச் சாலையில், யானைகள் கடக்கட்டும் என்று நின்றது. நான் ஜன்னலோரம் அவற்றோடு செல்ஃபி எடுத்துத் தள்ளினேன்.

பக்கத்தில் மஞ்சுளாக்கா. ஃபேக்டரியில் நான் செய்யும் பீஸ்களை இரக்கமில்லாமல் ரிஜெக்ட் செய்யும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். போனில் ஒரு பழைய அமெரிக்க டைரக்டரின் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆயுசுக்கும் இவரு படத்துல இவரேதான் ஹீரோவாம்பா. ஒரு தடவ, அவரு பிரமாதமா நடிச்ச சீனு கதைக்கு ஒட்டலன்னு அவரே வெட்டித் தூக்கிட்டாராம்!”

“யாரும் சொல்லாமயாக்கா?”

“டைரக்டருகிட்ட யாரு சொல்றது? நம்ம லைன்ல ஒரு பீஸை செஞ்சவனையே அதை செக் பண்ண உடமாட்டோம். இந்த மனுசன் தன் பீஸைத் தானே ரிஜெக்ட் பண்ணியிருக்காரே!”

எதையும் பாராட்டாத அக்கா அந்த இடத்தையே மறுபடி ஓட்டிப் பார்த்தார். யானைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பியதும் என் செல்ஃபிகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் முகம் யானையை மறைக்கிறது.

ஒன்றைக்கூட அழிக்க மனம் வரவில்லை. உங்களுக்கு வருமா?