அவர் தலையசைத்ததை நான் சம்மதம் என்றேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்துத் தங்கி, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். வகுப்பில் கையை அசைத்தால் திட்டு விழும். உதட்டைப் பார்த்துத்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சைகை கற்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போக வேண்டும். திருச்சியிலிருந்து காது கேளாதவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவார்கள்.

அவர்களில் ஒரு தையல்காரருக்கு என்மேல் தனிப் பிரியம். பள்ளிக்கூடம் போகாதவர், எழுதப் படிக்கத் தெரியாது. நான் தப்பும் தவறுமாகக் கையை ஆட்டினால் மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் மட்டும் புரிந்ததுபோலத் தலையசைப்பார். ஐந்தே மாதத்தில் எனக்கு எல்லாம் வந்துவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டேன்.

ஒருநாள் காலை அவருடைய அண்ணன் என் அறைக்கு வந்தார். மண்ணச்சநல்லூர் பக்கம் விவசாயம்.

"அப்பா தவறிட்டாருங்க. நிலம் எங்க ரெண்டு பேருக்கும் பொது. தம்பி அதை எனக்கே விட்டுக்கொடுத்துடறேன்னுட்டான். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல அவன்கிட்ட கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேணுமாம். நீங்க வந்தாப் போதும் சார்."

என்னை 'சார்' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். போனேன்.

என்னைப் பார்த்ததும் தையல்காரர் முகம் மலர்ந்து தோளைத் தட்டினார்.

"பத்திரத்துல இருக்கறது இவருக்குப் புரியுதா, மனசார பங்கை விட்டுத்தர்றாரான்னு கேளுங்க" என்றார் அதிகாரி.

'பங்கு' என்பதற்கு எனக்குச் சைகை தெரியாது. இனி என்றைக்கும் உனக்கு இல்லை என்பதை எப்படிக் காட்டுவது என்றும் தெரியாது. நிலம், அண்ணன், கொடு, சரியா என்று காட்டினேன். அவர் நெற்றி சுருங்கியது. அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, படித்துறையில் செய்வது போலவே, சிரித்துத் தலையசைத்தார்.

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் வெட்கமாக இருந்தது.

"சம்மதம்தாங்க" என்றேன். அவர் கைநாட்டு வைத்தார். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

தை மாதம் தன் பங்கு நெல்லை வாங்கப் போன தையல்காரரை அண்ணன் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு, மைத்துனர் வாங்கிக்கொடுத்த பத்திர நகலோடு அவர் படித்துறைக்கு வந்தார். எழுத்துத் தெரிந்த நண்பர் ஒருவர் அதைப் படித்துச் சைகையில் சொன்னார். வெகுநேரம் சொன்னார். நான் நாலே அசைவில் முடித்த விஷயம் அது. தையல்காரர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: உழுது பார்த்துக்கொள்ள அண்ணனிடம் கொடு என்றுதானே நீ சொன்னாய்?



மறுநாள் நானே அவரை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

"எனக்குச் சரியா கேக்கத் தெரியலை, அவருக்கும் புரியலைன்னு நீங்க கோர்ட்ல சொல்லணும். உங்க வேலைக்கு ஆபத்து வரலாம். சொல்வீங்களா?" என்றார் வக்கீல்.

தையல்காரர் எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன்.

வெளியே வந்ததும், வக்கீல் என்ன சொன்னார் என்று தையல்காரர் கேட்டார். வழியில்லை என்று காட்டினேன். அதையும் நம்பினார். அதன்பின் அவர் படித்துறைக்கு வரவில்லை. குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார் என்றார்கள். மற்றவர்களும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். எந்தப் பிள்ளை தலையசைத்தாலும், புரிந்ததை அது தன் கையால் சொன்ன பிறகே அடுத்த பாடத்துக்குப் போவேன். அது ஏன் என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஆபீஸில் செய்தது தெரியாமல் செய்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வக்கீல் வீட்டு வாசலில் செய்தது நன்றாகத் தெரிந்தே செய்தது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு இந்த வயது ஆக வேண்டியிருந்தது.